எரியும் கம்பிகளும் இடித்த பட்டறையும்: அக்ரா நாட்குறிப்பு

திங்கள், தேமா

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி நேற்று இரவு கானா வந்து சேர்ந்தேன். தலைநகர் அக்ராவுக்குக் கிழக்கே இருக்கும் துறைமுக நகரம் தேமா. இங்கே ஓர் இரும்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறார் என் சித்தி மகன். அவர் வீட்டில்தான் தங்கல். இந்தப் பயணத்தில் தினமும் பார்த்ததை அன்றன்றே எழுதிப் போடுவதாக உத்தேசம்.

இது ஹார்மட்டான் காலம். சகாராவிலிருந்து வரும் காற்று மெல்லிய புழுதியைச் சுமந்துகொண்டு நாடு முழுக்க வீசுகிறது. காலையில் சூரியன் வெளிறிப்போய்த் தெரிகிறது, உதடு வெடிக்கிறது. புகையைப் பார்க்க வந்தவனுக்கு எது புழுதி எது புகை என்று பிரித்துப் பார்க்கச் சிரமமான பருவம்தான். லீவு கிடைத்தது இப்போதுதான்.

நான் பார்க்க வந்த இடத்தின் பெயர் அக்போக்ப்ளோஷி. அக்ராவின் நடுவில், ஓடாவ் ஆறு கோர்லே காயலில் சேருகிற இடத்தருகே இருந்த பழைய இரும்பு, மின்கழிவுப் பட்டறைப் பகுதி. 2008-ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு இங்கிருந்து மண்ணும் சாம்பலும் எடுத்துப் பரிசோதித்தபின் உலகப் பத்திரிகைகள் இந்தப் பெயரைக் கற்றுக்கொண்டன. 2013-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட 10 இடங்கள் பட்டியலில் செர்னோபிலோடு இதுவும் இருந்தது. 'உலகின் மிகப் பெரிய மின்கழிவுக் குப்பைமேடு' என்ற தலைப்பில் வந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரும்புகைக்கு நடுவே நிற்கும் பையன்கள், கையில் கம்பிச் சுருள்.

2021 ஜூலை 1 அன்று அரசு அந்தப் பட்டறைகளைப் புல்டோசர் வைத்து இடித்தது. அந்த வேலையும் அதைச் செய்தவர்களும் அப்புறம் எங்கே போனார்கள் என்பதுதான் என்னை இங்கே இழுத்த கேள்வி.

அண்ணனிடம் சொன்னேன். "அதான் இடிச்சுத் தள்ளிட்டாங்களே தம்பி, அங்க போயி என்னத்தப் பாக்கப் போற?" என்றார். தட்டில் இன்னொரு தோசையை வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்: "ஆனா ஒண்ணு. எங்க ஆலைக்கு ஸ்கிராப் வர்றது ஒரு நாளும் நிக்கல."

செவ்வாய், அக்ரா

காயலான் கடையிலிருந்து தொடங்காமல், பொருள் உயிரோடு இருக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம் என்று காலையில் டிப்டோ லேன் போனேன். குவாமே நுக்ருமா சர்க்கிள் பக்கத்தில் இருக்கும் செல்போன் சந்தை. இடித்துப் பிடித்து நடக்க வேண்டிய சந்து, குடைக்கு அடியில் கண்ணாடிப் பெட்டி, பெட்டி நிறைய செல்போன்களின் உள்ளுறுப்புகள். சென்னை ரிச்சி தெருவில் சுற்றிய யாருக்கும் இந்த இடம் அந்நியமாகத் தெரியாது. ஒருவர் என் கண்ணெதிரே செத்த போன் ஒன்றின் போர்டைச் சூடாக்கி, பட்டாணியைவிடச் சிறிய சிப் ஒன்றைப் பெயர்த்து, வேறொரு போர்டிலிருந்து எடுத்ததை வைத்து உயிர் கொடுத்தார். பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர் பெண் அதை வாங்கி உடனே அம்மாவுக்குப் பேசினார்.

மதியம் ஸோங்கோ லேன். இங்கே கம்ப்யூட்டர், டிவி, பிரிண்டர். கடை வாசல்களில் 'ஹோம் யூஸ்டு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு வீட்டில் ஓடியது, அதனால் தரமானது என்று பொருள். புதிதாக வரும் மலிவு டிவியைவிட எட்டு வருடம் ஓடிய ஜெர்மன் டிவியை நம்பும் ஆட்கள் நிறைய. அவர்கள் கணக்கு தப்பில்லை, நல்ல பொருள் இன்னும் ஐந்து வருடம் ஓடும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். 'பணக்கார நாடுகள் தங்கள் குப்பையைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவில் கொட்டுகின்றன' என்ற ஒரே வரியோடு இங்கே வந்தால் பாதிதான் புரியும். அபாயகரமான கழிவு நாடு கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் செயலகம் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 2009-ல் கானாவுக்கு இறக்குமதியான மின்சாதனங்களில் சுமார் 70 சதவீதம் பழையவை. அந்தப் பழையவற்றில் சுமார் 30 சதவீதம் வேலை செய்யாதவை. அதில் பாதியை இங்கத்திய மெக்கானிக்குகள் சரிசெய்து விற்றுவிட்டார்கள். மீதிப் பாதி, அதாவது பழையதாக வந்ததில் சுமார் 15 சதவீதம், எதற்கும் ஆகாமல் நேராகக் கழிவுக்குப் போனது. மேற்கு ஆப்பிரிக்காவில் சேரும் மின்கழிவில் பெரும்பகுதி, சில நாடுகளில் 85 சதவீதம் வரை, உள்ளூர் மக்களே வாங்கி உபயோகித்துத் தீர்த்தது என்கிறது அதே ஆய்வு.

இதைப் படித்துவிட்டு வெளிநாடுகள்மேல் தப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்த 15 சதவீதம் சின்ன அளவில்லை. ஒரு டிவி ஐரோப்பாவில் செத்தால் அதைப் பிரித்தெடுக்கும் செலவை அங்கே உற்பத்தியாளர் ஏற்கிறார். அதே டிவி சாகக் கிடக்கும் நிலையில் இங்கே வந்து செத்தால், அந்தப் பணம் அதோடு சேர்ந்து வருவதில்லை. பொருள் மட்டும் கடல் தாண்டி வருகிறது. மொத்தப் பிரச்சினையில் என்னைக் கோபப்படுத்துவது இதுதான்.

புதன், அக்போக்ப்ளோஷி

வழிகாட்ட ஓர் இளைஞர் கிடைத்தார். அண்ணனின் ஆலைக்கு ஸ்கிராப் கொண்டுவரும் வியாபாரி மூலம் ஏற்பாடு. வடக்கே டமாலே பக்கத்துக்காரர், டகோம்பா இனத்தவர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு அக்ரா வந்து முதலில் செம்புக்காகக் கம்பி எரித்தவர், இப்போது குளிர்சாதனப் பெட்டி கம்ப்ரசர்களை வாங்கிப் பிரிக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. படம் எடுப்பதென்றால் முதலில் பெரியவர்களைப் பார்த்து வணக்கம் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. இங்கே படம் எடுத்துப்போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்றும், அந்தப் படங்களைக் காட்டித்தான் தங்கள் பட்டறையை இடித்தார்கள் என்றும் இவர்கள் நம்புகிறார்கள்.

பழைய பட்டறை இருந்த நிலம் இப்போது வேலிக்குள். வெளியிலிருந்து பார்த்தேன், எழுத ஒன்றும் இல்லை. பக்கத்துக் கிழங்குச் சந்தை மட்டும் வழக்கம்போல நடக்கிறது. யாம் என்ற பெருவள்ளிக் கிழங்கைப் பனந்தடி நீளத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். முன்பு இங்கேயே இருந்த வெங்காயச் சந்தையை அதே 2021-ல் நகருக்கு வெளியே அட்ஜென் கோட்டோகுவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆற்றைத் தாண்டினால் ஓல்ட் ஃபடாமா. பலகையும் தகரமும் சேர்த்துக் கட்டிய வீடுகள். 2009-ல் எடுத்த குடியிருப்புக் கணக்கெடுப்பே கிட்டத்தட்ட 80,000 பேர் என்று சொன்னது. 1994-ல் வடக்கே கொன்கொம்பா, நனும்பா, டகோம்பா இனங்களுக்கிடையே பெரிய மோதல் நடந்தது. அப்போது ஓடிவந்தவர்களில் பலர் குடியேறிய இடம் இது. அதற்கு முன்பும் பின்பும் வடக்கின் வறட்சியும் வேலையின்மையும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கின்றன. 2015 ஜூன் 3 அன்று அக்ராவில் பெருவெள்ளம். சர்க்கிள் பக்கத்தில் பெட்ரோல் பங்க்கும் வெடித்தது. இரண்டிலும் சேர்த்து 150-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் ஆற்றை அகலப்படுத்த வேண்டும் என்று இந்தக் குடியிருப்பில் ஒரு பகுதியை இடித்தார்கள். இங்கத்திய ஆட்களுக்குப் புல்டோசர் புதிதல்ல.

பட்டறைகள் எங்கே போயின என்று கேட்டேன். அவர் கையை அகல விரித்து நாலு பக்கமும் காட்டினார். நடந்தால் புரிகிறது. வீடுகளுக்கு நடுவே, முன்பு யாரோ சமைத்துக்கொண்டிருந்த முற்றத்தில் இப்போது மோட்டார் உடைக்கிறார்கள். சின்னக் குழந்தை ஒன்று தவழ்கிற இடத்திலிருந்து மூன்றடி தள்ளி ஒருவர் பழைய டப்பா டிவியின் பிக்சர் டியூபைச் சுத்தியலால் தட்டுகிறார். டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருள்தான் அவருக்கு வேண்டியது. கண்ணாடி யாருக்கும் வேண்டாம். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அது அப்படியே தரையில் கிடக்கிறது. இடிப்பதற்கு முன்பு இந்த வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், வீடுகளிலிருந்து கொஞ்சமாவது விலகி நடந்தது. விலகியிருந்ததை வீட்டுக்குள் தள்ளியதுதான் இடிப்பு செய்த வேலை.

வெளியிலிருந்து பார்த்தால் குப்பை. உள்ளே போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு விலை, ஒரு போக்கிடம். மூன்று சக்கர வண்டியிலும் தள்ளுவண்டியிலும் நகரம் முழுக்கச் சுற்றிப் பழசை விலை கொடுத்து வாங்கி வருபவர்கள் ஒரு கூட்டம். பிரிப்பவர்கள் இன்னொரு கூட்டம். இரும்பு தேமாவின் ஆலைகளுக்குப் போகிறது. 2013-லிருந்து கானாவிலிருந்து பழைய இரும்பை ஏற்றுமதி செய்யத் தடை, எனவே உள்ளூர் ஆலைகள்தான் ஒரே வாங்குபவர்கள். அலுமினியத்தை இங்கேயே உருக்கிச் சமையல் பாத்திரம் வார்க்கிறார்கள். செம்பு கிலோ கணக்கில் கைமாறித் துறைமுகம் சேருகிறது. சர்க்யூட் போர்டுகளை வெளிநாட்டு வியாபாரிகளின் ஆட்கள் வாங்கிப் போகிறார்கள். தராசு வைத்திருப்பவர்தான் இங்கே பெரிய மனிதர். சிறுவர்கள் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டே நடக்கிறார்கள். ஒட்டிக்கொள்ளும் திருகாணியும் தூளும் சேர்ந்தால் அன்றைய சாப்பாட்டுக்கு ஆகும்.

மாலையில் ஒரு பெண்ணிடம் வாச்சே வாங்கிச் சாப்பிட்டோம். அரிசியும் தட்டப்பயறும் சேர்த்து வேகவைத்தது, மேலே காரமான ஷிட்டோ. முட்டை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

வியாழன், ஓடாவ் ஆற்றங்கரை

இன்று எரிக்கும் இடத்துக்குப் போனோம். அதிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் எரிப்பது அதிகம். பகலில் அதிகாரிகள் வந்துவிடுவார்கள் என்ற பயம். முன்பெல்லாம் நாள் முழுக்க ஒரே இடத்தில் எரிந்ததாம், இப்போது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன். காரின் உள் வயரிங், ஃபிரிட்ஜ் வயர், கம்ப்யூட்டர் கேபிள், சார்ஜர் எல்லாம் ஒரு பந்தாகச் சுருட்டப்படுகிறது. தீ பிடிக்க கார் டயர் துண்டு, அல்லது பழைய ஃபிரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் நுரை. அந்த நுரை சட்டென்று பற்றுகிறது. நீண்ட இரும்புக் கம்பியால் பந்தைப் புரட்டிப் புரட்டிக் கொடுக்கிறார்கள். மேலுறை உருகிச் சொட்டி எரிந்து முடிய பத்து நிமிடம் போதும். தலையில் அலுமினியச் சட்டியோடு வரும் பெண் பிள்ளைகளிடம் தண்ணீர்ப் பாக்கெட் வாங்குகிறார்கள். ஒன்றைப் பல்லால் கடித்துக் குடிக்கிறார்கள், இன்னொன்றைக் கம்பிமேல் ஊற்றுகிறார்கள். சீறல் அடங்கியதும் சாம்பலை உதறினால் சிவப்பாகச் செம்பு.

நான் காற்று வரும் பக்கம்தான் நின்றேன். காற்று ஒருமுறை திரும்பியது, அவ்வளவுதான். தொண்டையில் ஏதோ கீறுகிற மாதிரி, கண்ணில் நீர். இதை எழுதும் இந்த இரவிலும் தலைவலி போகவில்லை. அவர்கள் அந்தப் புகையில் வருடக்கணக்காக நிற்கிறார்கள். பலருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. முழங்கையில், கணுக்காலில் தீக்காயத் தழும்புகள். ஒருவர் பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டே இருந்தார், தூங்கினாலும் இருமல் விடுவதில்லை என்றார்.

வயரின் மேலுறை பெரும்பாலும் பிவிசி. அதில் குளோரின் இருக்கிறது. பிவிசி அரைகுறைச் சூட்டில் எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சு உண்டாகிறது. பக்கத்திலேயே இருக்கும் செம்பு அந்த வேதிவினையைத் தூண்டிவிடும் வினையூக்கி. அதாவது வெறும் பிளாஸ்டிக்கை எரிப்பதைவிடச் செம்புக் கம்பியோடு எரிப்பது மோசம். டையாக்சின் கண்ணுக்குத் தெரியாது, மண்ணில் இறங்கினால் எளிதில் சிதையாது, கொழுப்பில் சேர்ந்துகொள்ளும். மண்ணைக் கொத்தித் தின்னும் கோழியிடம் போகும், கோழியிலிருந்து முட்டைக்குப் போகும். இப்போது அந்த முட்டைக்கு வருகிறேன். நச்சுப் பொருள்களை எதிர்க்கும் ஐபென், பாசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் என்ற அமைப்புகள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் அக்போக்ப்ளோஷியில் திரிந்த நாட்டுக்கோழிகளின் முட்டைகளைச் சோதித்தார்கள். ஒரே ஒரு முட்டையைச் சாப்பிடும் பெரியவருக்கு, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்கு ஏற்கலாம் என்று வைத்திருக்கும் டையாக்சின் அளவைப்போல 220 மடங்கு உடலில் சேரும் என்று கணக்கு வந்தது. நேற்று நான் வேண்டாம் என்ற முட்டை பண்ணையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தெருவில் கோழிகள் சாம்பல் கிளறிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன்.

கானா பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரத் துறையினரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து இந்தத் தொழிலாளர்களைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். காற்றை அளக்கும் கருவியை முதுகுப் பையில் வைத்து, உடம்பில் ஒரு சிறு கேமராவும் மாட்டி, நாள் முழுக்க யார் எந்த வேலையில் எவ்வளவு புகை உள்ளிழுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். என்னோடு வந்த இளைஞருக்கு அந்தப் பைகள் நினைவிருக்கிறது. "பையைச் சுமந்தோம், ரத்தம் கொடுத்தோம். உடம்பில் ஈயம் இருக்கிறதென்று சொன்னார்கள். சரி, ஈயம் இருக்கிறது. சாயங்காலம் சாப்பிட என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை" என்றார். குற்றம் சொல்லும் தொனியில்லை, நடந்ததைச் சொன்னார்.

ஏன் எரிக்கிறீர்கள், உரித்தெடுக்கலாமே என்று எரிப்பவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரு பிடி கம்பியை என் கையில் கொடுத்து உரித்துக் காட்டச் சொன்னார். இயர்போன் வயர், சார்ஜர் வயர், தலைமுடி கனத்தில் இழைகள். கத்தியால் பத்து நிமிடம் போராடி ஒரு சாண் நீளம்கூட உரிக்க முடியவில்லை. உறையோடு விற்றால் வாங்குபவர் பிளாஸ்டிக் எடைக்குக் கழித்து, அதற்கு மேலும் கழித்துத்தான் விலை போடுவார். எரித்த செம்புக்கு முழு விலை, அதே மாலை கையில் காசு. வாரக் கடைசிக்குள் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் எதைச் செய்வார்?

வெள்ளி, கோர்லே

ஜும்மா நாள். ஓல்ட் ஃபடாமாவில் வேலை மெதுவாக நடந்தது. நான் தனியாகக் கோர்லே காயல் ஓரம் நடந்தேன். இந்த ஊரின் பூர்வகுடிகளான கா மக்களுக்குக் காயல் புனிதமானது. இப்போது தண்ணீர் கறுப்பு, மேலே பிளாஸ்டிக் விரிப்பு. காயல் கடலில் சேரும் இடத்தில் அலை வரும்போதெல்லாம் அந்தக் குப்பை உள்ளே போய்த் திரும்பி வருகிறது. இது எல்லாம் மின்கழிவால் வந்ததல்ல. நகரத்தின் சாக்கடையும் இதில்தான் கலக்கிறது. ஸ்கிராப் ஆட்கள்மேல் இதையும் சுமத்துவது வசதியாக இருக்கிறது போலும்.

தலைவலி இருந்ததால் சீக்கிரம் தேமா திரும்பிவிட்டேன்.

சனி, அக்ரா

எரிக்காமல் செய்ய யாருமே முயலவில்லையா என்று நேற்று சில நண்பர்கள் செய்தி அனுப்பிக் கேட்டிருந்தீர்கள். முயன்றிருக்கிறார்கள். அதைத்தான் இன்று விசாரித்தேன்.

2014-ல் பியூர் எர்த் அமைப்பு, உள்ளூர் ஸ்கிராப் வியாபாரிகள் சங்கத்தோடு சேர்ந்து கம்பி உரிக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தது. கனமான கேபிள்களுக்கு அவை நன்றாகவே வேலை செய்தன. மெல்லிய வயரை அவற்றால் உரிக்க முடியவில்லை. மின்சாரம் போனால் இயந்திரம் நிற்கும், பிளேடு மழுங்கினால் மாற்றக் காசு வேண்டும். எனவே கனமானது இயந்திரத்துக்கு, மெல்லியது தீக்கு என்று ஆனது. ஜெர்மனி அரசின் வளர்ச்சி நிறுவனமான ஜிஐஇசட் இங்கே ஒரு பயிற்சிக் கூடமும் சின்ன மருத்துவ மையமும் கால்பந்துத் திடலும் கட்டித் தந்தது. மருத்துவ மையத்தைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் பேசுகிறார்கள். தீக்காயத்துக்கும் வெட்டுக்காயத்துக்கும் கட்டுப் போட முன்பு போக்கிடமே இல்லை.

எனக்குச் சரியென்று பட்டது இன்னொரு முயற்சி. ஜெர்மன் நிதியில், கோர்லே பூ பகுதியில் ஒரு மையம் வைத்து, எரிக்காத கேபிளை ஊக்கத்தொகை சேர்த்த விலையில் வாங்கும் திட்டம். எரித்தால் கிடைக்கும் காசு எரிக்காமலே கிடைத்தால் யாரும் புகையில் நிற்கப்போவதில்லை. என்னோடு வந்த இளைஞரும் அதைத்தான் சொன்னார். அவர் கவலை வேறு. திட்டத்துக்கு ஒரு கெடு உண்டு, பணத்துக்கு ஓர் எல்லை உண்டு. கம்பி வருவதற்கு எல்லை கிடையாது.

சட்டமும் இருக்கிறது. கானா 2016-ல் 917-ஆம் எண் சட்டம் கொண்டுவந்தது. மின்சாதனம் இறக்குமதி செய்பவர்கள் ஒரு தீர்வை கட்ட வேண்டும், அந்தப் பணம் கழிவைச் சரியாகக் கையாளச் செலவாக வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு முன்பே பழைய ஃபிரிட்ஜ் இறக்குமதிக்குத் தடை கொண்டுவந்து, 2013-லிருந்து கறாராகச் செயல்படுத்தினார்கள். இந்த நாடு சும்மா கைகட்டி நிற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் நான் பேசிய எரிப்பவர்களில் யாருக்கும் அந்தத் தீர்வைப் பணம் பற்றித் தெரியவில்லை. தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் போய்ப் பழைய டிவியை வாங்கி வருபவர்தான் இந்த நகரத்தின் கழிவு சேகரிப்புத் துறை. வேறு யாரும் அவ்வளவு வீடுகளுக்குப் போவதில்லை. அந்தப் பணத்தில் முதல் பங்கு அவருக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. நச்சு உண்டாகும் ஒரே ஒரு வேலையை, அந்த எரிப்பை, அவர் கையிலிருந்து விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றதை அவர் எல்லோரையும்விட நன்றாகச் செய்கிறார். இதற்குப் பதிலாகப் புல்டோசர் வந்தது.

ஞாயிறு, தேமா

அண்ணனுக்கு இன்று விடுமுறை. துறைமுகத்துக்குள் நம்மை விடமாட்டார்கள், ஆனால் கன்டெய்னர்களைப் பிரிக்கும் ஒரு வியாபாரியின் முற்றத்துக்குக் கூட்டிப் போனார். கதவைத் திறந்ததும் உள்ளே மெத்தை, சைக்கிள், துணிமூட்டை, இடைவெளியிலெல்லாம் டிவிகள், மைக்ரோவேவ் அடுப்புகள், ஒரு பியானோகூட. வியாபாரி பிளக் பாயின்ட் ஒன்றை இழுத்து வைத்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஓடியது இடப்பக்கம், ஓடாதது வலப்பக்கம். வலப்பக்கக் குவியலுக்கும் அவர் ஐரோப்பாவிலேயே காசு கொடுத்திருக்கிறார், கப்பல் கூலியும் கட்டியிருக்கிறார். சோதித்துப் பார்த்து வாங்க அங்கே நேரமும் இடமும் தருவதில்லை, மொத்தமாகத்தான் விற்கிறார்கள் என்றார். வலப்பக்கக் குவியலை மெக்கானிக் ஒருவர் வந்து பொறுக்குவார். அவரும் வேண்டாம் என்பது ஸ்கிராப் வண்டிக்கு.

முன்பு சொன்ன பாசல் உடன்படிக்கை 1989-ல் உருவாகி 1992-ல் நடைமுறைக்கு வந்தது. 'இது கழிவு இல்லை, பழைய பொருள்' என்று காகிதத்தில் எழுதிவிட்டால் அதன் பிடியிலிருந்து நழுவிவிடலாம் என்பது பல வருடப் பழக்கம். 2022-ல் அதில் ஒரு திருத்தம் வந்தது. அபாயகரமானதோ இல்லையோ, எந்த மின்கழிவாக இருந்தாலும் பெறும் நாட்டின் முன் அனுமதி வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் இது அமலில் இருக்கிறது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்த இரண்டு நாடுகளில் ஒன்று சுவிட்சர்லாந்து, இன்னொன்று கானா. இதை நான் சொன்னபோது அண்ணனுக்கே தெரிந்திருக்கவில்லை. இங்கே இத்தனை வருடம் இருந்தும் கேள்விப்படலையே என்று ஆச்சரியப்பட்டார்.

ஆனாலும் அந்த வலப்பக்கக் குவியல் 'பழைய பொருள்' என்ற பெயரில்தான் வந்திருக்கிறது. அதை நிறுத்த, ஏற்றும் துறைமுகத்தில் யாராவது ஒரு பிளக் பாயின்ட்டை வைத்துச் சோதிக்க வேண்டும். செலவு பெரிதாக ஆகாத வேலை.

2022-ல் உலகம் முழுக்க உண்டான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் என்று ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. மீதியில் ஒரு பகுதி எங்கே போகிறது என்பதை இந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள், கிளம்பும் நாள்

இரவு விமானம். காலையில் கடைசியாக ஒருமுறை ஓல்ட் ஃபடாமா போனேன். கம்ப்ரசர் பிரிக்கும் நம் இளைஞர் தேநீர் வாங்கித் தந்தார். உங்கள் நாட்டில் எரிப்பார்களா என்று கேட்டார். எரிப்பார்கள் என்றேன். டெல்லியின் சீலம்பூரில் பிரிக்கிறார்கள், மொராதாபாத்தில் ராம்கங்கை ஆற்றங்கரையில் போர்டுகளை எரித்துச் சாம்பலைக் கழுவியிருக்கிறார்கள், அமிலத்தில் ஊறவைத்துச் செம்பும் தங்கமும் எடுப்பவர்களும் உண்டு என்று சொன்னேன். அமிலம் என்றதும் முகத்தைச் சுளித்தார். அந்த வேலையை இங்கே யாரும் செய்வதில்லை, தயவுசெய்து அதை எங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள் என்றார்.

அப்புறம் கம்பி உரிக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இந்தியாவில் கையால் சுற்றும் சின்ன இயந்திரங்கள் கிடைக்கின்றன, செல்போனில் வீடியோ பார்த்திருக்கிறார். மின்சாரம் வேண்டாம், மேசையில் திருகி வைத்துவிடலாம். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் எரிக்கிற பையன்களில் இரண்டு பேரையாவது இந்தப் பக்கம் இழுக்கலாம் என்பது அவர் திட்டம். என்ன விலை, தேமா வரை அனுப்ப எவ்வளவு ஆகும், பிளேடு தனியாகக் கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கோயம்புத்தூரிலோ டெல்லியிலோ இந்த மாதிரி இயந்திரம் செய்பவர்களை அறிந்தவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். அவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: எவ்வளவு மெல்லிய வயர் வரை அது உரிக்கும்? ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போகுமா?